மெயின் லைன் விழுந்தால் பில் திறக்கிறது: டைரக்ட் கனெக்ட்டும் விபிஎன்னும், மூன்று வருட அனுபவம்

எங்கள் தலைமைக் கந்தோர் மட்டக்களப்பு திருமலை வீதியில். அரிசி மொத்த வியாபாரம். பில்லிங்கும் இருப்புக் கணக்கும் அமேசான் கிளவுட்டில், மும்பையில் ஓடுகின்றன. பழைய கணக்குச் சேர்வர் மட்டும் கந்தோர் அறையிலேயே இருக்கிறது. முதலாளி அதை விடமாட்டார். இரண்டையும் இணைக்க 50 எம்பிபிஎஸ் டைரக்ட் கனெக்ட் (அமேசானுக்கு நேராகப் போகும் தனி லைன்) ஒன்று, அது விழுந்தால் எடுக்க சாதாரண ஃபைபர் இணையத்தின் மேல் விபிஎன் (பொது இணையத்துக்குள் போடும் பூட்டிய டனல்) ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி ரூட்டர், இரண்டிலும் பிஜிபி, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக ஓடியது. இரண்டாம் வருடம் பெரும்போக அறுவடைக்கு முன்னம் சம்மாந்துறையில் ஒரு ஸ்டோர் திறந்தோம். திறந்து நாலாம் நாள் அங்கத்தைய ஸ்டோர் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தான் அழைப்போம்) கோல் எடுத்தார். "தம்பி, லிஸ்ட் வருது, பில்லத் தொறந்தா பாதியில நிக்குது. வெளிய மூணு லொறி நிக்குது."

லொகின் ஆகிறது, பெயர் தேடினால் வருகிறது, நீளமான டெலிவரி அறிக்கையைத் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரை. மட்டக்களப்பில் ஒருவருக்கும் இந்தக் குறை இல்லை. சம்மாந்துறையில் இருந்து ட்ரேஸ்ரூட் (தரவு எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். கந்தோருக்கு வந்து, டைரக்ட் லைனில் ஏறி, ஒழுங்காக மும்பை போகிறது. அப்போ குறை சம்மாந்துறை லைனில்தான் என்று முடிவு கட்டி, சுவிட்ச் மாற்றி, கேபிள் மாற்றி, லைன் கொடுத்தவர்களோடு சண்டையும் பிடித்தேன். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இரண்டு கிழமை வீண்.

ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக டைரக்ட் லைனை இரண்டு மணித்தியாலம் நிறுத்தினார்கள். அந்த நேரம் காக்கா மறுபடி கோல். "என்ன செய்தீங்க தம்பி? இப்ப பில்லெல்லாம் டக்கெண்டு தொறக்குது." மெயின் லைன் விழுந்த நேரத்தில் வேலை செய்கிறது! லைன் திரும்பி வந்ததும் பழையபடி வெள்ளைத் திரை.

அப்போதுதான் விபிஎன் பக்க கிராஃபை ஒழுங்காகப் பார்த்தேன். பெக்கப் லைன் தூங்க வேண்டும். இது காலை எட்டுக்கு எழும்பி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு பள்ளம் விழுந்து, பின்னேரம் ஐந்துக்கு அடங்குகிறது. அதுவும் உள்ளே வரும் பக்கம் மட்டும். வெளியே போகும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. ட்ரேஸ்ரூட் காட்டுவது போகிற பாதையை மட்டும். கிளவுட் சேர்வருக்குள் போய் அங்கிருந்து சம்மாந்துறைக்குப் போட்டேன். பதில் விபிஎன் வழியாக வந்துகொண்டிருந்தது.

செய்தவன் நான்தான். மெயின் லைனைத் தொடப் பயந்து, புது ஸ்டோரின் முகவரித் துண்டான 10.40.36.0/24 ஐ (கோட்டுக்குப் பின் எண் கூடினால் துண்டு சிறிது) முதலில் விபிஎன் ரூட்டரில் சேர்த்துச் சோதித்தேன். டைரக்ட் ரூட்டரிலோ எல்லாவற்றையும் சுருக்கி 10.40.0.0/16 என்று மட்டுமே அனுப்புகிறோம். அதற்குள் /24 அடங்கும்தானே என்று விட்டுவிட்டேன். கிளவுட் முதலில் பார்ப்பது எந்த முகவரித் துண்டு அதிகம் பொருந்துகிறது என்பதைத்தான். ஒரே துண்டு இரு பக்கமும் வந்தால்தான் விபிஎன்னை விட டைரக்ட் கனெக்ட்டுக்கு முன்னுரிமை. /16 ஓடு /24 போட்டியிட்டால் லைன் எதுவென்று அது கேட்பதே இல்லை. விபிஎன் பக்கம் ஏஎஸ் பாத்தை (வழியில் வரும் நெட்வொர்க்குகளின் பட்டியல்; நீண்டால் அந்த வழியின் முன்னுரிமை குறையும்) மூன்று தரம் நீட்டிப் பார்த்தேன், அசையவில்லை. துண்டு ஒன்றாக இருக்கும்போதுதான் அது எடுபடும். எங்கள் பக்கம் டைரக்டுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் (எந்த லைனை விரும்புகிறோம் என்ற எண்; கூடியது வெல்லும்) 200, விபிஎன்னுக்கு வழக்கமான 100. அது எங்களிடமிருந்து போவதைத் தீர்மானிக்குமே தவிர, வருவதை அல்ல.

பெரிய பில் மட்டும் ஏன் நின்றது? இதைப் பிடிக்க எனக்கு இன்னொரு நாள் போனது. விபிஎன் உறைக்குள் 1500 பைட் தரவுப் பொட்டலம் நுழையாது. அதனால் டனல் இன்டர்ஃபேசில் எம்எஸ்எஸ் (ஒரு பொட்டலத்தில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவு) குறைத்து வைத்திருந்தேன். அந்தக் குறைப்பு நடப்பது தொடர்பு தொடங்கும் முதல் பொட்டலத்தில். எங்கள் பக்கத்து முதல் பொட்டலமோ டைரக்ட் வழியாகப் போய்விட்டது, டனல் அதைக் காணவே இல்லை. கிளவுட் சேர்வர் முழு அளவில் அனுப்பியது, டனல் வாசலில் தொலைந்தது. சின்னத் திரைகளுக்கு அவ்வளவு பெரிய பொட்டலம் தேவையில்லை, அவை வந்தன. டைரக்ட் விழுந்த இரண்டு மணித்தியாலமும் போக்கு வரவு இரண்டும் விபிஎன்னில் நடந்தபடியால் எல்லாம் அளவாகிப் பில் திறந்தது.

திருத்தம் ஐந்து நிமிட வேலை. விபிஎன் ரூட்டரில் பிரிஃபிக்ஸ் லிஸ்ட் (எந்தத் துண்டுகளை வெளியே சொல்லலாம் என்ற பட்டியல்) போட்டு அங்கும் /16 மட்டும் போகவிட்டு, பிஜிபியை வெளிப்பக்கம் மட்டும் சொஃப்ட்டாக, தொடர்பை அறுக்காமல், கிளியர் பண்ணினேன். கிராஃபில் அந்த மலை அன்றைக்கே தட்டையானது.

இந்த ஏற்பாடு எடுக்க யோசிப்பவர்களுக்கு இன்னுமொன்று. மார்கழி மழையில் எங்கோ தூரத்தில் ஃபைபர் அறுந்தால் எங்கள் ரூட்டரின் போர்ட் விழாது, நடுவில் வேறு சுவிட்ச்கள் இருக்கின்றன. 90 செக்கன் ஹோல்ட் டைம் (மறுபக்கச் சத்தத்துக்காகக் காத்திருக்கும் நேரம்) முடியும்வரை பிஜிபி உயிரோடு இருப்பதாகவே நினைக்கும். கவுண்டரில் ஆள் நிற்கும்போது ஒன்றரை நிமிடம் நீளம். பிஎஃப்டியை (வழி உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கும் முறை) 300 மில்லி செக்கன், மூன்று தவணை என்று எங்கள் ரூட்டரிலும் போட்ட பிறகு ஒரு செக்கனுக்குள் தெரிந்துவிடுகிறது. கிளவுட் பக்கம் அது ஏற்கெனவே தயாராக இருக்கும்; நம் பக்கம் போடாவிட்டால் வேலை செய்யாது.

இப்போது ஒவ்வொரு போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறை) டைரக்ட் பிஜிபியைப் பத்து நிமிடம் நிறுத்தி, கிளவுட் சேர்வரிலிருந்து ஒவ்வொரு ஸ்டோருக்கும் ட்ரேஸ்ரூட் போடுகிறேன். லைனைத் திரும்ப ஏற்றிய பிறகு இன்னொரு முறை. போன போயாவுக்கு, நிறுத்தி ஆறாவது நிமிடம் காக்கா கோல் எடுத்தார். "தம்பி, இண்டைக்கு லைன் வெட்டல்லயா?"