மேம்படுத்திய பின் உறையும் கணினி: பழைய பதிப்புக்குத் திரும்புவதா, ஃபார்மட் செய்வதா, காரணத்தைத் தேடுவதா?

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு வீட்டுக் கணினி அடிக்கடி உறைந்து நிற்கத் தொடங்கினால், அதாவது பேச்சு வழக்கில் சொல்வதுபோல ஹேங்க் ஆகத் தொடங்கினால், பெரும்பாலும் மூன்று வழிகள் பேசப்படுகின்றன. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம். வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிய பதிப்பைத் தொடக்கத்திலிருந்து நிறுவலாம். அல்லது கணினியை இருக்கும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, எது உறைய வைக்கிறது என்று தேடிப் பிடித்து அதை மட்டும் சரிசெய்யலாம். என் மேசைக் கணினியிலும் அக்காவின் மடிக்கணினியிலுமாக இம்மூன்றையும் நான் செய்து பார்த்துவிட்டேன். இரண்டுமே விண்டோஸ் 10 இலிருந்து 11க்கு மாற்றப்பட்டவை என்பதால் இந்த ஒப்பீடும் விண்டோஸைச் சார்ந்தே அமைகிறது. என் சாய்வு மூன்றாவது வழியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழைய பதிப்புக்குத் திரும்புவதுதான் மூன்றிலும் எளிது. அமைப்புகளில் 'ரெக்கவரி' பகுதிக்குச் சென்று 'கோ பேக்' என்பதை அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் பழைய முகப்புத் திரை வந்துவிடுகிறது. நம் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. மேம்படுத்திய பின் நிறுவிய செயலிகளும், அமைப்புகளில் செய்த மாற்றங்களும் மட்டும் போய்விடுகின்றன. ஆனால் இதற்கு 10 நாள் கெடு உண்டு. பழைய இயங்குதளம் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற கோப்புறையில் காத்திருக்கிறது; கெடு முடிந்ததும் அது தானாக அழிக்கப்படுகிறது; வட்டில் இடம் வேண்டுமென்று அதற்கு முன்பே நாமே அதைத் துடைத்துவிட்டாலும் திரும்பும் வழி அடைபட்டுவிடும். அந்த 10 நாளுக்குள் விண்டோஸின் பராமரிப்புக் கட்டளையான 'டிஸ்ம்' (DISM) என்பதைப் பயன்படுத்தினால் கெடுவை 60 நாள் வரை நீட்டிக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் முதலில் செய்தது இதைத்தான். திரும்பியவுடன் உறைதல் நின்றுவிட்டது; நிம்மதியாகவும் இருந்தது. ஆயினும் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேர்ந்தாலும், அது ஒரு தவணையே தவிரத் தங்குமிடம் அன்று. வங்கிக் கணக்கையும் குடும்ப ஆவணங்களையும் கையாளும் ஒரு கணினியை அப்படி நெடுநாள் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

திரும்பியதில் ஒரு பயன் இருந்ததை மறுக்கக் கூடாது. பழைய பதிப்பில் அதே கணினி பல நாள் உறையாமல் ஓடியது என்பதே, ரேமும் வட்டும் மின்வழங்கியும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன, கோளாறு மென்பொருள் பக்கம்தான் என்பதற்கு நல்ல சான்று. இதே சான்றை இன்னொரு விதமாகவும் பெறலாம்: லினக்ஸ் வகை இலவச இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு யூ.எஸ்.பி. டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இரண்டு மணி நேரம் இயக்கிப் பார்ப்பது. அங்கும் உறைந்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். உறையவில்லை என்றால் வட்டை மட்டும் இன்னும் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது, ஏனெனில் இந்தச் சோதனையில் அது ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. லினக்ஸுக்கே நிரந்தரமாக மாறிவிடுவதையும் சிலர் நான்காவது வழியாகச் சொல்கிறார்கள். நான் அதைச் சோதனைக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இரண்டாவது வழி ஃபார்மட் செய்து நிறுவுவது. கணினி பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் யோசனை இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது: பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய டிரைவர்களும் (வன்பொருள்களை இயங்குதளம் இயக்க உதவும் சிறு மென்பொருள்கள்), அரைகுறையாக நீக்கப்பட்ட செயலிகளின் மிச்சங்களும் ஒரே வீச்சில் போய்விடுகின்றன. 8 ஜி.பி. யூ.எஸ்.பி. டிரைவ் ஒன்று போதும். அதே கணினியில் முன்பே செயல்படுத்தப்பட்ட உரிமம் என்றால் பெரும்பாலும் இணையத்தில் இணைந்ததும் தானாக மீண்டும் செயல்பட்டுவிடும். அக்காவின் மடிக்கணினிக்கு இதைத்தான் செய்தோம். படங்களைப் பிரதி எடுக்க ஒரு மாலை, நிறுவ ஒரு மணி நேரம், அவளுடைய செயலிகளையும் கடவுச்சொற்களையும் அச்சுப்பொறியையும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வார இறுதி என்று செலவாயிற்று. மூன்று நாள் குறையின்றி ஓடியது. நான்காம் நாள், மடிக்கணினியுடன் வந்த துணைச் செயலி ஒன்றை அவள் மறுபடி நிறுவினாள். அது தன் பட்டியலில் இருந்த காட்சி டிரைவரைத் தானே கொண்டுவந்து போட்டது. அன்று மாலையே காணொளி அழைப்பின் நடுவில் திரை உறைந்தது. இவ்வளவு உழைப்புக்குப் பிறகும், எது கோளாறு என்பது எங்களுக்குத் தெரியாமலே இருந்ததால், அதே கோளாற்றை எங்கள் கையாலேயே மீண்டும் உள்ளே அழைத்துக்கொண்டோம். ஃபார்மட் செய்வதன் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுதான்: அது நோயையும் நோயின் தடயங்களையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

இனி நான் பரிந்துரைக்கும் வழிக்கு வருகிறேன். மேம்படுத்திய முதல் ஒன்றிரண்டு நாட்களில் கணினி திணறுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்நாட்களில் தேடல் அட்டவணை புதிதாகக் கட்டப்படுகிறது, வைரஸ் தடுப்பு முழுச் சோதனை நடத்துகிறது, மிச்சத் திருத்தங்கள் இறங்குகின்றன. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி என்றால் டாஸ்க் மேனேஜரில் வட்டின் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நிற்கும். கணினியை இயக்கத்திலேயே ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் 'ரீஸ்டார்ட்' செய்ய வேண்டும். 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்குவது இதற்கு ஈடாகாது. விரைவுத் தொடக்க வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' என்பது இயங்குதளத்தின் கருப்பகுதியை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துத் தருகிறது. 'ரீஸ்டார்ட்' மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

அதன் பிறகும் உறைந்தால், உறையும் அந்த வேளையிலேயே கவனிக்க வேண்டியவை உண்டு. கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறினால் இயங்குதளத்தின் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. மாறாவிட்டால் அடிமட்டத்திலேயே நின்றுவிட்டது. திரை மட்டும் நின்று ஒலி தொடர்ந்தால், விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் காட்சி டிரைவர் மீண்டும் தொடங்கும்; அதனால் திரை உயிர்பெற்றால் காட்சி டிரைவர்தான் முதல் சந்தேகம். சுட்டி நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை, வட்டின் விளக்கு அணையாமல் எரிகிறது, ஒரு நிமிடம் கழித்து எல்லாச் சொடுக்கல்களும் ஒரே நேரத்தில் நிறைவேறுகின்றன என்றால் சந்தேகம் வட்டின் பக்கமும் அதன் டிரைவரின் பக்கமும் போக வேண்டும். என் மேசைக் கணினி இந்த வகை. உறைந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். பிந்தைய வேலைகள் எல்லாவற்றுக்கும் அந்தத் தாள்தான் ஆதாரமாயிற்று.

அந்த நேரங்களை, கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸ் கருவியான ஈவென்ட் வியூவரின் 'சிஸ்டம்' பதிவேட்டில் தேட வேண்டும். அங்கே பலரும் முதலில் கண்டு அஞ்சுவது 'கெர்னல் பவர்' என்ற பெயரில் வரும் 41ஆம் எண் பதிவு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கணினி முறையாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நாம் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே பதிவுதான் வரும். எனவே அது விளைவே தவிரக் காரணம் அன்று. பார்க்க வேண்டியவை அதற்குச் சற்று முன் உள்ள வரிகள். என் பட்டியலில், நான் குறித்து வைத்திருந்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக 129ஆம் எண் பதிவு இருந்தது. வட்டுக்கு அனுப்பிய கோரிக்கைக்கு உரிய நேரத்துக்குள் பதில் வராததால் அந்த இணைப்பு மீட்டமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அக்காவின் மடிக்கணினியிலோ 4101, அதாவது காட்சி டிரைவர் பதிலளிக்காமல் நின்று பின்னர் மீண்டது என்ற செய்தி. இரண்டு கணினிகளும் ஒரே மேம்படுத்தலுக்குப் பின் 'உறைந்தன', காரணங்கள் வெவ்வேறு. இரண்டுக்கும் ஒரே மருந்தாக ஃபார்மட்டைச் சொல்வதில் உள்ள பிழை எனக்கு இங்கேதான் விளங்கியது.

129ஐக் கண்டவுடன் டிரைவரின் மீது பாய்ந்துவிடக் கூடாது. வட்டே சாகும் தறுவாயில் இருந்தாலும் இதே பதிவு வரும். ஆகையால் முதலில் முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசச் செயலியில் வட்டின் உடல்நிலைக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் 5ஆம் குறிப்பு பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளையும், 197ஆம் குறிப்பு படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளையும் காட்டும். இவை ஏறிக்கொண்டே போனால் எந்த மென்பொருள் வைத்தியமும் வீண், வட்டைத்தான் மாற்ற வேண்டும். 199ஆம் குறிப்பு மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. என் வட்டில் மூன்றும் சுழியமாக இருந்தன. அதன் பிறகே, வன்பொருள்களையும் அவற்றின் டிரைவர்களையும் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவரைப் பார்த்தேன். பழைய பதிப்பின் காலத்தில், பல ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட ஒன்று, மேம்படுத்தலின்போது அப்படியே இடம்பெயர்ந்து வந்திருந்தது. அதன் இடத்தில் விண்டோஸுடன் வரும் பொதுவான ஏ.ஹெச்.சி.ஐ. (வட்டுடன் கணினி தொடர்புகொள்ளும் ஒரு முறை) டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். அன்றிலிருந்து 129 வரவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம்: கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸின் அமைப்புகளில் வட்டு இயங்கும் முறை ஏ.ஹெச்.சி.ஐ. என்று இருந்தால் மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும். ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்து இயக்குவதற்கான முறை) என்று இருந்தால் கணினி தொடங்காமலே போகலாம். பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் வட்டைப் பூட்டிக் காக்கும் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலகம் உள்ள கணினிகள் சிலவற்றில், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். வசதி இயங்கும்போது கணநேரத் தடங்கல் ஏற்படுவதை அந்நிறுவனமே 2022இல் ஏற்றுக்கொண்டு, பயாஸ் மேம்படுத்தலைத் தீர்வாகச் சொன்னது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 தேவை என்பதால், அதற்காகவே அந்த வசதியை முதன்முறையாக இயக்கியவர்களுக்கு இது புதிய இயங்குதளத்தின் குறையாகத் தோன்றியிருக்கும். தனியாக நிறுவிய வைரஸ் தடுப்புச் செயலிகளும் சில வேளைகளில் காரணமாவதுண்டு. அவற்றைச் சந்தேகித்தால் 'கிளீன் பூட்' முறையில் பிற நிறுவனங்களின் சேவைகளை நிறுத்தி, பாதி பாதியாகத் திரும்ப இயக்கிப் பார்க்கலாம்.

மேம்படுத்தியதன் மேலேயே கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு மறுபடி நிறுவும் இடைவழி ஒன்றும் இருக்கிறது. இயங்குதளக் கோப்புகள் சிதைந்திருந்தால் அது நல்ல மருந்து; ஆனால் கோளாறான டிரைவரையும் அது உடன் அழைத்துக்கொண்டுதான் வருகிறது என்பதை என் கணினியில் ஒரு முறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவு மெனக்கெடுவதைவிட ஒரு நாளில் ஃபார்மட் செய்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில் பராமரிப்பு என்ற ஒரே சொல்லில் அடங்குகிறது. விண்டோஸ் 11க்கு ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது. அவற்றில் சிலவற்றின்போது இயங்குதளத்தின் பெரும்பகுதி மாற்றப்பட்டு, நம் டிரைவர்கள் புதிய வீட்டுக்குக் குடிபெயர்க்கப்படுகின்றன. ஆகவே இப்போது நடந்தது அடுத்த ஆண்டும் நடக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பியவருக்கு அப்போதும் அதே 10 நாள் கெடுதான். ஃபார்மட் செய்தவர் மீண்டும் ஒரு வார இறுதியை இழக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்தவருக்கோ வேலை பத்து நிமிடம். அண்மையில் ஒரு பெரிய திருத்தம் வந்து முடிந்த மறுநாள் என் கணினி ஒரு முறை நின்றது. பதிவேட்டைத் திறந்தேன்; 129 இருந்தது; டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவர் திரும்ப வந்து அமர்ந்திருந்தது; அதை மாற்றினேன். இம்முறை அந்தப் பழைய டிரைவர் தொகுப்பைக் கணினியின் சேமிப்பிலிருந்தே நீக்கினேன். முதன்முறை நான் செலவிட்ட நான்கு மாலைகள், அந்தப் பத்து நிமிடத்தில் ஈடாகிவிட்டன என்றே கருதுகிறேன்.

எந்த நிலையில் மற்ற வழிகளைத் தேர்வேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாளை காலை முடிக்க வேண்டிய வேலை இருந்து, 10 நாள் கெடுவும் மிச்சம் இருந்தால், தயங்காமல் பழைய பதிப்புக்குத் திரும்பி, வேலை முடிந்த பின் மறுபடி மேம்படுத்திக் காரணத்தைத் தேடுவேன். வேறொருவரிடமிருந்து வாங்கிய கணினி என்றாலோ, தீய மென்பொருள் புகுந்திருக்கும் என்ற ஐயம் இருந்தாலோ ஃபார்மட் செய்வேன். அப்போதும் அழிப்பதற்கு முன் ஈவென்ட் வியூவரின் பதிவேட்டை ஒரு கோப்பாகச் சேமித்து யூ.எஸ்.பி. டிரைவில் எடுத்துக்கொள்வேன். அக்காவின் மடிக்கணினியில் பழைய காட்சி டிரைவரை முழுவதும் நீக்கி, காட்சிச் சில்லைத் (கிராஃபிக்ஸ் சிப்) தயாரித்தவர்களின் அண்மைப் பதிப்பை நிறுவியிருக்கிறோம். அந்தத் துணைச் செயலியை மீண்டும் நிறுவவில்லை. ஐந்து வாரமாக 4101 வரவில்லை. அடுத்த பெரிய பதிப்பு வந்த பிறகும் அது அப்படியே இருந்தால்தான் அந்தக் கணினியும் சரியாகிவிட்டது என்று சொல்வேன்.