சுங்கை சிப்புட்டில் ஒரு திருமண ஏற்பாட்டுக் கடை: இலைக்கணக்கும் பதிவுச் சான்றிதழும்

இவ்வாண்டு தை மாதத்தில் எங்கள் மூத்த மகளின் திருமணத்தை மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் நடத்தி முடித்தோம். சமையல், மணவறை அலங்காரம், மேளம், நாற்காலி, கூடாரம் ஆகிய ஐந்தையும் எங்கள் ஊரிலேயே உள்ள ஒரு திருமண ஏற்பாட்டுக் கடையிடம் ஒப்படைத்திருந்தோம். அந்தக் கடையைப் பற்றிய மதிப்புரை இது. கடையை நடத்தும் அம்மையார் தம் பெயரோ கடைப் பெயரோ வெளிவருவதை விரும்பவில்லை. தோட்டப்புறத்து ஆள்களே தமக்குப் போதும் என்கிறார். ஊரில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன் என்பதால் வரவு செலவை அன்றாடம் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கீழே வரும் தொகைகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

நான்கு கடைகளில் விசாரித்தோம். மூன்று இடங்களில் எத்தனை பேர் வருவார்கள், மணவறை எந்த நிறத்தில் வேண்டும் என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். இந்த அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, "ஐயா, பிள்ளைகளுக்குப் பதிவு முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்படியென்றால் முன்பணத்தை இன்றைக்குத் தர வேண்டாம். நாளைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். பதிவுக்கு மனு கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார். வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் கடையைத் தேர்ந்தெடுக்க எனக்கு அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

அதன் அருமையை நான் நன்கு அறிவேன். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களைக் கட்டுப்படுத்தும் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் தாலி கட்டியதோடு நின்றுவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. இதை அறியாமல் கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்களை எங்கள் தோட்டத்து லயங்களிலேயே (தொழிலாளர் குடியிருப்புகளிலேயே) பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறந்தபின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் எழுதுவதில் சிக்கல் வரும். தாய்க்குக் குடியுரிமைப் பத்திரம் சரியாக இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குள்ளாகும். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் பல பெற்றோருக்கு அது தெரியவரும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக மனு பாரங்களை நிரப்பிக் கொடுத்த கைகள் இவை. ஆகவே மணமக்கள் மண்டபம் பார்ப்பதற்கு முன்பே தேசியப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

நடைமுறை கடினமானதன்று. திருமண அறிவிப்பைப் பதிவிலாகாவில் 21 நாள்களுக்கு ஒட்டி வைப்பார்கள். மறுப்பு எதுவும் வராவிட்டால், அறிவிப்பு வெளியானதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதிவை முடித்துவிட வேண்டும். ஆகையால் முகூர்த்தத்துக்கு நெருக்கத்திலும் போகக் கூடாது, மிக முன்னதாகவும் மனு கொடுத்துவிடக் கூடாது. 21 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் உள்ள கோயில்களில் சமயச் சடங்கையும் பதிவையும் அங்கேயே முடிக்க முடியும். ஆனால் எல்லாக் கோயில்களுக்கும் அந்த அனுமதி இல்லை என்பதால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும்போதே கோயில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் மகளும் மாப்பிள்ளையும் முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்னதாகவே பதிவை முடித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தார்கள்.

அடுத்தது ஆள்கணக்கு. 240 அழைப்பிதழ்கள் அச்சிட்டிருந்தோம். எல்லாரும் செய்வது போல் ஓர் அழைப்பிதழுக்கு மூவருக்கு மேல் கணக்கிட்டு, 800 பேருக்குச் சமைக்கச் சொன்னேன். அம்மையார் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, குடும்பம் குடும்பமாக எழுதி வரும்படி சொன்னார். லிந்தாங் சாலைத் தோட்டங்களிலிருந்து யார் யார், ஈப்போவிலிருந்து யார், கோலாலம்பூரிலிருந்து காரில் வரும் குடும்பத்தில் எத்தனை பேர், வயதானவர்கள் யார், ஒருவர் மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போகும் வீடு எது என்று நானும் என் மனைவியும் மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதினோம். முடிவில் வந்த எண்ணிக்கை 550. தலைக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) வீதம் பேசியிருந்த சைவச் சாப்பாட்டில் அந்தப் புத்தகம் மட்டும் 3,750 வெள்ளியைக் குறைத்துக் கொடுத்தது.

கடையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 500 இலைக்குக் கட்டாயம் பணம் தர வேண்டும், அதற்குமேல் போட்ட இலைக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று எழுதியிருந்தது. போட்ட இலையை எண்ணுவது யார் என்பதில்தான் பல வீடுகளில் தகராறு வரும். இந்தக் கடையில் வாழை இலைகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி வைக்கிறார்கள். பெண் வீட்டுப் பையன் ஒருவனும் கடைப் பையன் ஒருவனும் கட்டுகளின் பக்கத்திலேயே நிற்க, ஒவ்வொரு கட்டு அவிழும்போதும் இருவரும் ஒரு தாளில் கோடு போடுகிறார்கள். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) குறிப்பதைப் போன்ற ஒழுங்கு அது. பதினொரு கட்டுகள் அவிழ்ந்தன, 18 இலைகள் மீந்தன. பந்திக்கு 96 பேராக ஐந்து பந்திகள் நிறைந்து, ஆறாவது பந்தியில் 52 பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு வழியில் கூட்டிப் பார்த்தாலும் 532தான். சாப்பாட்டுக்கு நான் கொடுத்தது 7,980 வெள்ளி.

சாப்பாட்டின் தரத்தைச் சொல்லாமல் விட முடியாது. சோறு கடைசிப் பந்திவரை உதிரியாக இருந்தது. ஒரே நேரத்தில் வடித்துக் கொட்டாமல் பந்திக்குப் பந்தி வடித்ததே அதற்குக் காரணம். கத்தரிக்காய்ப் பிரட்டலும் ரசமும் பேசப்பட்டன. என் அண்ணியார் ரசத்தை இரண்டாவது முறை கையில் வாங்கிக் குடித்தார். சவ்வரிசிப் பாயாசத்தில் இனிப்புச் சற்றுக் கூடுதல். சைவ இறைச்சியில் ஒரு கறி வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, ஆனால் இளையவர்கள் விரும்பி உண்டார்கள். பரிமாறியவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள். கைத்தடியோடு வந்த பெரியவர்களை வாசலிலேயே அடையாளம் கண்டு முதல் பந்தியில் ஓரத்து இருக்கையில் உட்கார வைத்தது அவர்களுக்கு யாரோ பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடையில் நான் பெரிதும் மதிப்பது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவு. விளக்குத் தூண்கள் வைத்த 5,500 வெள்ளி மணவறையைப் படத்தில் பார்த்து நானே விரும்பிக் கேட்டேன். கோயில் மண்டபத்தின் கூரை தாழ்வானது, தூண்களை வைத்தால் முன்வரிசைக்கு மட்டுமே தாலி கட்டுவது தெரியும் என்று அம்மையார் விளக்கி, 3,200 வெள்ளியில் திறந்த அமைப்பாக ஒன்றைப் பரிந்துரைத்தார். மேளத்துக்கு 1,000, நாற்காலிக்கும் கூடாரத்துக்கும் 900 என்று சேர்த்து, முதலில் நான் கேட்டபடி செய்திருந்தால் 19,400 வெள்ளி ஆகியிருக்க வேண்டிய செலவு, மண்டப வாடகை நீங்கலாக 13,080 வெள்ளியில் முடிந்தது.

அதே நேர்மையை மாப்பிள்ளையின் மலாய் நண்பர்கள் விஷயத்திலும் கண்டேன். சைவச் சாப்பாடுதானே, அழைப்பிதழில் ஹலால் என்று போட்டுவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். "எங்கள் சமையற்கட்டில் இறைச்சி நுழைவதில்லை, தம்பி. ஆனால் எங்களிடம் ஜாக்கிமின் (அரசாங்க இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையின்) ஹலால் சான்றிதழ் இல்லை. இல்லாததைப் போடக் கூடாது" என்று அவர் மறுத்துவிட்டார். சான்றிதழ் பெற்ற வேறொரு சமையல்காரரிடமிருந்து நாற்பது பேருக்குத் தனியாக வரவழைத்து, தனி மேசையில் தனிப் பாத்திரங்களோடு வைத்தோம். அந்த நண்பர்கள் மனத்தில் தயக்கமின்றிச் சாப்பிட்டார்கள். தனக்கு வர வேண்டிய வியாபாரத்தைப் பிறருக்கு விட்டுக் கொடுத்த கடை அது.

குறைகளும் உண்டு. விலைப்பட்டியலில் "பூ அலங்காரம்" என்று மட்டும் இருந்தது. மணவறையின் முன்பக்கத்தில் சாமந்தியும் ரோசாவும் உண்மையான பூக்களாக இருக்க, பின்திரை முழுவதும் நெகிழிப் பூவாக இருந்ததைக் கண்டு என் மகள் மிகவும் வருந்தினாள். கேட்டபோது அந்த விலைக்கு அப்படித்தான் என்றார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மணமக்கள் எந்தக் கடைக்குப் போனாலும் எது உயிர்ப்பூ, எது செயற்கைப்பூ, எத்தனை முழம் என்பதுவரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது குறை கூடாரம். பகல் ஒரு மணிக்கு மேல் பேராக்கில் மழை வரும் என்பது தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் கூடாரத்துக்கும் மண்டபக் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி விட்டுக் கட்டியதால் கைகழுவும் இடத்துக்குப் போன பெண்களின் சேலைகள் நனைந்தன. நானே முதல்நாள் மாலையில் போய்ப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி இந்தக் கடை எதுவும் செய்வதில்லை. எங்கள் கோயில் சாலையில் செம்பனைக்குலை ஏற்றும் லாரிகளும் போகும் என்பதால் உறவுக்காரப் பையன்கள் இருவரைக் கைவிளக்கோடும் சட்டைப்பட்டையோடும் நிறுத்த வேண்டியிருந்தது.

படம் எடுத்தவர்கள் இந்தக் கடையைச் சேர்ந்தவர்கள் அல்லர். வேறிடத்தில் பேசிய அந்தக் குழு முழுப் பணத்தையும் திருமணத்தன்றே வாங்கிக்கொண்டு, இரண்டு மாதத்தில் தருவதாகச் சொன்ன ஆல்பத்தை ஐந்து மாதம் கழித்துத்தான் கொடுத்தது. இத்தகைய தொல்லைக்கு ஒரு வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளிவரை இழப்பீடு கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மனு பாரத்தை நிரப்பி மேசையில் வைத்து, அதைப் படம் பிடித்து அந்தக் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் ஆல்பம் வீட்டுக்கு வந்தது. ஆனால் இந்த மன்றத்தை நாட வேண்டுமானால் ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஆல்பம் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு என ஒன்று வந்திருக்கிறது. 50 வெள்ளிக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம் என்பதால் திருமணத்துக்கு அதைத் துடைத்தெடுக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) கையேந்துவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தாலிக்கும் பதிவுக்கும் சாப்பாட்டுக்கும் போக, மேடை வெளிச்சத்துக்காக அந்தக் கணக்கைத் தொடாதீர்கள் என்று என் மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் தொடவில்லை.

முகூர்த்த நாளைக் குறிக்கும்போது நாங்கள் ஒரு தவறு செய்தோம். பேராக்கில் ஞாயிறு விடுமுறை, ஆனால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள எங்கள் சொந்தங்களில் ஆசிரியர்களும் அரசாங்க ஊழியர்களும் விடுப்பு எடுத்துத்தான் வர வேண்டியிருந்தது. சிலர் வர இயலவில்லை. சனிக்கிழமையில் ஒரு நல்ல முகூர்த்தம் இருந்தது. யாராவது அன்றே நினைவூட்டியிருந்தால் அதையே எடுத்திருப்போம். கடையில் அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, இனிமேல் உறவுகள் எந்த மாநிலம் என்றும் கேட்டுக்கொள்வதாகக் கூறி அந்தப் பயிற்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ஆயிரம் பேருக்கு இரவு விருந்து, மேடை நடனம், பெரிய திரை என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கடை பொருந்தாது. அவர்கள் ஈப்போவில் பார்ப்பதே நல்லது. கோயிலில் தாலி கட்டி, உறவுகளை உட்கார வைத்து இலையில் பரிமாற நினைக்கும் குடும்பங்கள் தயங்காமல் போகலாம். தை, வைகாசி, ஆவணி மாதத்து விடுமுறை நாள்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. ஆடி மாதத்திலேயே போய்ப் பேசுங்கள். அம்மாதத்தில் திருமணங்கள் இல்லாததால் அம்மையாருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும், அந்தப் பயிற்சிப் புத்தகத்தை நிரப்ப உங்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.