கிரான் கையில் இருந்தது, அப்பாவின் காடி இல்லை

பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலை வெட்டி, மேலே பைபர் பாடி போட்டு, பழைய போர்ஷே ஸ்பீட்ஸ்டர் மாதிரி திறந்த காடியாகச் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இந்த ஆசையோடு இருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்த பட்டறை அப்படிப்பட்டதல்ல. வழக்கு இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரை எழுத முடியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பாவின் காடி 1969ஆம் ஆண்டு பீட்டில், 1300 இன்ஜின். 1978இல் இரண்டாம் கையாக வாங்கினார். நானும் தம்பியும் தமிழ்ப்பள்ளிக்குப் போனது அதில்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் ஏற்றிக்கொண்டு போனதும் அதில்தான். பத்து வருடங்களுக்கு மேல் ஓடாமல் வீட்டு வாசலில் நின்றது. கதவுக்குக் கீழும் முன் பானட்டிலும் துரு தின்றுவிட்டது. மேல் பாடியைக் காப்பாற்ற முடியாது என்று மூன்று போமன்கள் (மெக்கானிக்குகள்) சொன்ன பிறகுதான் இந்த யோசனை வந்தது. பாடி போகட்டும், அடித்தட்டும் நம்பரும் இருக்கட்டும். அப்பாவுக்கு இப்போது 78 வயது. "உருவம் மாறினாலும் நம்ம காடிதானே" என்று அவரே சொல்லி, கிரானை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தை, என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

பட்டறைத் தவுக்கே (முதலாளி) நம்மவர்தான். அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாளே நான் கேட்ட கேள்வி, "அண்ணே, ஜேபிஜேயில (சாலைப் போக்குவரத்து இலாகாவில) முதல்ல கேக்க வேணாமா?"

"எதுக்கு தங்கச்சி? கிரான் இருக்கு, பழைய நம்பர் இருக்கு. நாம சட்டையத்தான் மாத்துறோம். ரோட்டெக்ஸ் (சாலை வரி) எடுத்துக்கிட்டு ஓடிக்கிட்டே இரு."

சட்டை என்று அவர் சொன்ன அந்தச் சொல்தான் என்னை ஏமாற்றியது. பீட்டிலின் பாடியைப் போல்ட் கழற்றி மேலே தூக்கிவிடலாம் என்பது உண்மை. கீழே அடித்தட்டு தனியாக நிற்கும். அதனால்தான் உலகம் முழுக்க இந்தக் காடியை அடிப்படையாக வைத்து வேறு பாடி கட்டுகிறார்கள். ஆனால் ஸ்பீட்ஸ்டர் பாடி அப்படியே உட்காராது. பீட்டிலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். ஸ்பீட்ஸ்டருக்கு ஏறக்குறைய 2,100. ஆகவே அடித்தட்டைக் குறுக்கே அறுத்து 30 சென்டிமீட்டரை எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். நடுவில் ஓடும் டனல்தான் அந்தக் காடிக்கு முதுகெலும்பு. கியர் ராடு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. அதை அறுக்கிற வேலைக்குச் 'சட்டை மாற்றுவது' என்று பெயர் வைத்தார்.

இங்கிலாந்தில் எடுத்த வீடியோக்களையும் போனில் காட்டினார். "வெள்ளைக்காரன் வீட்டுக் கராஜிலயே செய்றான் பாரு." செய்கிறார்கள்தான். பிற்பாடு நான் அந்த ஊர் விதியைத் தேடிப் படித்தேன். பல வருடங்களாக அங்கே புள்ளிக் கணக்கு வைத்திருந்தார்கள். பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டியிருந்தது. செசிக்கு (காடியின் அடிச்சட்டம்) 5, சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. அந்த 5 புள்ளி வெட்டாத செசிக்குத்தான். அந்தக் கணக்குப்படி வெட்டினால் பழைய நம்பர் போய்விடும். காடியைத் தனியாகச் சோதனைக்குக் கொண்டுபோய், தேறினால் கியூ என்று தொடங்கும் நம்பர் வாங்க வேண்டியிருந்தது. அவர் எனக்கு உதாரணம் காட்டிய ஊரிலேயே அவர் சொன்ன குறுக்கு வழி அந்த விதியில் இருந்ததில்லை.

மூன்று தவணையாக 38,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். முதலில் 15,000, பாடி வந்ததும் 13,000, பெயின்ட் அடித்ததும் 10,000. மூன்று ரசீதிலும் 'காடி வேலை' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த வேலை, எந்தச் சாமான், எந்தச் செசி நம்பர், ஒன்றுமே இல்லை. ஆறு மாதம் என்றார்கள், பதினாறு மாதம் ஆனது. அதைப் பெரிய குறையாகச் சொல்லவில்லை. இந்த மாதிரி வேலை இழுக்கத்தான் செய்யும்.

காடியைக் கொண்டுவந்து விட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. அம்மா ஆரத்தி எடுத்தார். ஜாக்கில் நிற்கும்போது கதவு சுலபமாகத் திறந்தது. ஜாக்கை இறக்கி நான் ஏறி உட்கார்ந்ததும் கதவு பிடித்துக்கொண்டது. இறங்கினால் திறக்கிறது, ஏறினால் திறக்கவில்லை. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். இது பெயின்ட் கோளாறோ கீல் கோளாறோ இல்லை, தட்டு வளைகிறது என்று உடனே தெரிந்தது. பீட்டிலில் இரும்புப் பாடியும் சேர்ந்துதான் அடித்தட்டை விறைப்பாகப் பிடித்திருக்கும். பைபர் பாடிக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் ஓரம் முழுக்க இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல்தான் பாடியை உட்கார வைக்க வேண்டும். இதில் சட்டமே இல்லை. டேப் வைத்து அளந்தேன். இடது பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள தூரத்துக்கும் வலது பக்கத்துக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம். சீட் பெல்ட்டை வெறும் பைபரில் ஒரு வாஷர் வைத்து முறுக்கியிருந்தார்கள். என் மகளை அதில் உட்கார வைத்துத் தெருமுனைவரை போயிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

இன்ஜினும் மாறியிருந்தது. கிரானில் 1285 சிசி, உள்ளே 1584 சிசி. ரோட்டெக்ஸில் 70 வெள்ளிக்கும் 90 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் தவுக்கே. கவலை 20 வெள்ளியைப் பற்றியதல்ல. இன்ஜின் நம்பர் கிரானோடு ஒத்துப்போகாத காடிக்கு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் என்ன சொல்வார்? மூடிய நாலு சீட் பீட்டில் என்று எழுதிக் காப்புறுதி எடுத்துவிட்டு, திறந்த இரண்டு சீட் காடியை ஓட்டிப் போய் யாரையாவது இடித்தால்?

அதனால்தான் அவர் வேண்டாம் என்று சொல்லியும் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனேன், இழுவை லோரியில் ஏற்றி. பிரேக், விளக்கு எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் சோதனை அதிகாரி செசி நம்பரைத் தேடினார். பீட்டிலில் அது பின் சீட்டுக்குக் கீழே டனலின் மேல் அடித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தார். கட்டை விரலால் பெயின்ட்டைத் தேய்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "காக், சினி அடா கெசான் கிம்பால்" என்றார், 'அக்கா, இங்கே வெல்டிங் தழும்பு இருக்கு' என்று. நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் தழும்பு. அதோடு சோதனை நின்றுவிட்டது.

தவுக்கேயிடம் கேட்டேன். "தட்ட குறைச்சா வெல்டிங் இருக்கத்தானே செய்யும் தங்கச்சி." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அன்று மாலை அப்பா வாசலுக்கு வந்தார். முட்டி வலியோடு குனிந்து, பின் சீட்டுக்குக் கீழே வலது பக்கம் கையை விட்டுத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"ஒட்டு எங்கம்மா?"

பீட்டிலில் பேட்டரி இருப்பது அங்கேதான், பின் சீட்டுக்குக் கீழே வலது மூலையில். ஆசிட் சொட்டிச் சொட்டி அந்த இடம்தான் முதலில் ஓட்டையாகும். 1989இல் அப்பா ஜெலுத்தோங்கில் ஒருவரிடம் அந்த இடத்தில் தகடு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார். நான் பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன்னால் எடுத்த படத்தில் அந்த ஒட்டு தெளிவாகத் தெரிகிறது. இந்தக் காடியில் அந்த மூலை மொழுமொழுவென்று புதுசாக இருந்தது.

இது அப்பாவின் அடித்தட்டே இல்லை. வேறு யாருக்காகவோ முன்பே வெட்டி வைத்திருந்த தட்டு. அப்பாவின் டனலிலிருந்து நம்பர் இருந்த துண்டை மட்டும் அறுத்தெடுத்து இதில் பதித்திருக்கிறார்கள். படத்தைக் காட்டிய பிறகு தவுக்கே மறுக்கவில்லை. "துருப் பிடிச்சத எறிஞ்சிட்டு நல்ல தட்டு போட்டுக் குடுத்திருக்கேன். நியாயமா நீ சந்தோஷப்படணும்" என்றார். பழைய தட்டு எங்கே என்றேன். விற்றாகிவிட்டது. யாருக்கு என்று சொல்லவில்லை.

இதில் பணத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. என் வாசலில் நிற்கும் தட்டு யாருடையது? திருட்டுக் காடியாக இருந்தால்? செசி நம்பரை வெட்டி ஒட்டிய வாகனம் என் பெயரில் இருக்கிறது. அன்று இரவே போலீஸ் ரிப்போர்ட் போட்டேன். மறுநாள் செபராங் ஜெயா ஜேபிஜேக்குப் போனேன். முகப்பில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: செசியையோ உருவத்தையோ மாற்றுவதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்னால் வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியில்லாமல் மாற்றுவது குற்றம், அந்தப் பொறுப்பு உரிமையாளருக்குத்தான். பட்டறைக்காரர் சொன்னார் என்பது அங்கே பதிலாகாது.

பணத்துக்கு, கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். 50,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைகளை அங்கே வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். 3 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அங்கே எனக்குக் கைகொடுத்தவை படங்கள். ரசீதுகளால் பெரிய பயன் இல்லை, 'காடி வேலை' என்பது எதையும் நிரூபிக்காது. 26,000 வெள்ளி திருப்பித் தரச் சொல்லி உத்தரவானது. 14 நாளில் கட்டவில்லையென்றால் அதுவே குற்றம். இதுவரை 9,000 வந்திருக்கிறது. மீதிக்கு மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன்.

இதற்குப் பிறகும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் ஆசையை நான் தடுக்கவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. முதலில் ஜேபிஜேயின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வரும்வரை ரம்பம் காடியைத் தொடக் கூடாது. செசி நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கிட்ட வைத்தும் தள்ளி வைத்தும் படம் எடுங்கள். தட்டில் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் ஏதாவது இருந்தால் அதையும் எடுங்கள். ரசீதில் செசி நம்பரை எழுதச் சொல்லுங்கள். எழுத யோசிக்கிறவரிடம் காடியை விடாதீர்கள். வேறு இன்ஜின் என்றால் அது வாங்கிய ரசீது உங்கள் பெயரில் வேண்டும். அசல் கிரானைப் பட்டறையில் கொடுத்து வைக்காதீர்கள், நகல் போதும். தட்டை அறுக்கிற நாளிலும் ஒட்டுகிற நாளிலும் நேரில் போய் நில்லுங்கள். நான் பெயின்ட் அடிக்கிற நாளில் போனேன்.

காடி இப்போது வாசலில் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. விசாரணை முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்பெல்லாம் அதன் பக்கத்தில்தான் நாற்காலி போடுவார். இப்போது கிணற்றடிப் பக்கம் போட்டுக்கொள்கிறார்.

ஒரு உதவி. செபராங் பிறையிலோ, சுங்கை பட்டாணி, தைப்பிங் பக்கமோ பழைய பீட்டில் சாமான் விற்கும் கடைக்குப் போகிறவர்கள், அடித்தட்டு ஏதும் கிடந்தால் ஒரு நிமிடம் பாருங்கள். பின் சீட்டுக்குக் கீழே டனலில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓட்டை இருக்கும். வலது மூலையில், பேட்டரி வைக்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு ஒட்டு, ஓரத்தில் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் எந்தக் கடை என்று இங்கே எழுதுங்கள். துருப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.