பழைய சேலையில் பின்னிய மிதியடிகள்: நாலு வருடம் மிதித்த பிறகு

எங்கள் தெருவில் ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவிக்கொண்டு வருபவர் ஒரு கட்டுச் சேலையை வாங்கிக்கொண்டு சின்ன பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் கடுப்பில் தொடங்கியது இது. நாலு வருடத்தில் ஆறு மிதியடி, அதாவது வாசலில் போடும் கால்மிதி, முடித்திருக்கிறேன். நாலு இன்னும் தரையில் கிடக்கின்றன. ஒன்று குப்பைக்குப் போனது, ஒன்றைப் பூனை எடுத்துக்கொண்டது.

ஜடை போடத் தெரிந்தால் இதுவும் தெரியும். மூன்று கீற்றுகளை நீளமாகப் பின்னி, அந்தப் பின்னலைக் கொசுவத்திச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றித் தைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தரை மீட்டர் நூல் சேலையை நீளவாக்கில் மூன்று அங்குலக் கீற்றுகளாகக் கிழித்தால் பதினைந்து தேறும். இரண்டடி அகல வட்டத்துக்கு அது ஏறக்குறையச் சரியாக இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டுச் சர்ரென்று கையால் கிழித்தால் இழை போகும் வழியில் நேராகப் போகும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பழைய சேலை கக்கும் தூசு சாதாரணமில்லை.

இணையத்தில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே நியூ இங்கிலாந்துப் பக்கம் 19ஆம் நூற்றாண்டில் நைந்துபோன கம்பளிக் கோட்டையும் போர்வையையும் வைத்து இதைப் பின்னியிருக்கிறார்கள். துவைத்துத் துவைத்து இறுகிய கம்பளியின் ஓரம் பிரியாது. நம் நூல் சேலை பிரியும். இது புரியாமல் நான் கீற்றுகளை அப்படியே பின்னியதில், முதல் மிதியடி இரண்டு மாதம் வீடெங்கும் நூல் உதிர்த்தது. மெட்டியில் வேறு சிக்கிக்கொள்ளும். இப்போது கீற்றின் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்துத்தான் பின்னுகிறேன். மூன்று அங்குலம் முக்கால் அங்குலமாகிவிடும். இந்த மடிப்பு வேலைதான் உயிரை வாங்குகிறது.

அந்த முதல் மிதியடிக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. சீரியல் பார்த்துக்கொண்டே மடியில் வைத்துத் தைத்தேன். முடித்துத் தரையில் போட்டால் வடைச்சட்டி மாதிரி குழிந்து உட்கார்ந்தது. பூனைக்குப் போனது அதுதான், அதற்குக் குழிவு பிடித்துவிட்டது. தரையிலோ மேசையிலோ தட்டையாக வைத்துத்தான் தைக்க வேண்டும். நடுவில் உள்ள முதல் சில சுற்றுகளில், புதிதாகச் சுற்றும் பின்னலின் கண்களில் (ஓரத்தில் கீற்றுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில்) இடையிடையே ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததில் ஊசி கோக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் குழியும், அளவுக்கு மீறித் தளர்த்தினால் பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் நெளியும்.

தையல் மிஷின் நூல் வேண்டாம். இரட்டையாகப் போட்டும் ஐந்தே மாதத்தில் அறுந்தது. கோணி ஊசியில் நைலான் நூல் கோத்து, துணியைக் குத்தாமல் பின்னலின் கண் வழியாகவே விட்டு வாங்குங்கள். அப்படித் தைத்தவை இரண்டரை வருடமாக அசையவில்லை.

துணியைப் பொறுத்தவரை என் ஓட்டு பழைய நூல் சேலைக்கும் துவைத்து மெலிந்த நைட்டிக்கும்தான். பாலியெஸ்டர் சேலை தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் சாயம் மங்காது, சீக்கிரம் காயும். வாசலில் மண் தட்ட அது போதும். பனியன் துணி டி-ஷர்ட்டைக் குறுக்கே வெட்டி இழுத்தால் கீற்று தானாகச் சுருண்டுகொள்ளும், மடிக்கும் தொல்லை இல்லை. ஆனால் நாளாக நாளாக அது இழுபடுகிறது. முட்டை வடிவில் தொடங்கிய என் மிதியடி இப்போது எந்த வடிவம் என்று சொல்லத் தெரியவில்லை. ஜீன்ஸ் பக்கம் போகாதீர்கள். விரல் போய்விடும்.

சாயத்தையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிவப்புச் சுங்குடியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசியாகிவிட்டதே என்று நம்பிப் பின்னினேன். ஈரக்காலோடு நாலு பேர் மிதித்ததும் டைல்ஸ் இடுக்கெல்லாம் சிவப்பு. இன்னும் போகவில்லை.

குளியலறை வாசலுக்கு மட்டும் இது சரிப்படவில்லை. நனைந்தால் கனம், காய இரண்டு நாள். ஐப்பசி அடைமழையில் நாலு நாளாகியும் உள்மடிப்பு ஈரமாகவே இருந்து நாற்றமெடுத்தது. குப்பைக்குப் போனது அதுதான். அங்கே இப்போது கடையில் வாங்கியதைப் போட்டிருக்கிறேன், நூறு ரூபாய்க்கு மூன்று. என்னுடையது ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது ஆகிறது, காசுக் கணக்கு போட்டால் கட்டுப்படியாகாது. வழவழப்பான டைல்ஸில் வழுக்கவும் செய்யும். அம்மா ஒருமுறை கதவைப் பிடித்துத் தப்பினார். அன்றைக்கே அடியில் போட ரப்பர் வலை வாங்கினேன்.

அப்பாவின் வேட்டிகளையும் கிழிக்கலாம் என்று எடுத்தபோது அம்மா, “அவர் கட்டினதை மிதிக்கவா?” என்றார். சரி, அவற்றை மட்டும் சின்ன வட்டமாகப் பின்னி நாற்காலியில் போட்டேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார். உட்காரலாமா என்று நான் கேட்கவில்லை.

ஏழாவது பாதியில் நிற்கிறது. நீலம் தீர்ந்துவிட்டது. அக்காவிடம் தோதான ஒரு நீல நைட்டி இருக்கிறது. அது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.