நாலாம் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்

புல்ட்மானின் இந்தச் சின்ன இறையியல் நூலை இணையத்தில் பழைய பிரதியாக வாங்கினேன். 'நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். பிரித்தால் நடுத்தாள் கையோடு வருகிறது. முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டபடி வந்து இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டார். பாவம், விஷயமே அதற்கு அப்புறம்தான்.

ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் புல்ட்மான் 1951இல் அமெரிக்காவில் ஆற்றிய உரைகள் இவை. 'இயேசு கிறிஸ்துவும் தொன்மமும்' என்ற பொருள்படும் தலைப்பில் 1958இல் ஆங்கில நூலாயின. நூறு பக்கம்கூட இல்லை. பைபிளில் வரும் வானம், பூமி, பாதாளம் என்ற மூன்றடுக்கு உலகம் தொன்மம், அதற்குள் இருக்கும் பொருளைத்தான் தேட வேண்டும் என்கிற பகுதி பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகத் தாண்டலாம்.

நாலாம் அத்தியாயத்தில்தான் ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கரின் வாசனை. இருவரும் 1923 முதல் 1928 வரை ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். 1924இல் புல்ட்மானின் வகுப்பிலேயே திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் பாவக் கொள்கை பற்றி ஹைடெக்கர் பேசியிருக்கிறார்; ஆக, கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் இருந்தது. மனிதன் இருப்பது எப்படி என்று ஆராயும் ஹைடெக்கர் வழித் தத்துவமான இருத்தலியம் 'இப்படி வாழ்' என்று சொல்வதில்லை. 'உன் வாழ்க்கைக்கு நீதான் பொறுப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, பதில் வேதவசனத்திலிருந்து வர வேண்டும் என்கிறார் புல்ட்மான். அன்பைத் தத்துவம் எவ்வளவு அலசினாலும், அன்பு செய்கிறவனுக்குத்தான் அது புரியும் என்கிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எப்படி வாழ்வது என்று சொல்லாத அந்த வெற்றுச் சட்டகம் எனக்குப் பயமாகவும் இருக்கிறது. 1933இல் ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; புல்ட்மானோ ஹிட்லருக்குப் பணியாத திருச்சபையினரோடு நின்றார். 'முடிவெடு' என்ற சொல் இரண்டு பேருக்கும் பொதுதான்; எந்த முடிவு என்று அது சொல்வதில்லை.

இன்னொரு குறை. எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசைப் பாட்டி கேட்டார்: “எல்லாம் சரி தம்பி, இந்த ஐயாவுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?”

“மூணு பொண்ணுங்க, பாட்டி.”

“பின்ன ஏன் ஒத்தையில நிக்கிற மாதிரியே பேசுதாரு?”

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன், சபை, பசி எல்லாம் இந்தப் பக்கங்களில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன; கடவுள் முன்னால் தனியாக நிற்கும் ஒருவன்தான் எங்கும்.

முதல்முறை படிப்பவர்கள் நாலில் ஆரம்பித்து ஐந்தை முடியுங்கள். தொன்மத்தைக் களையும் தன் வேலையை லூத்தரின் 'விசுவாசத்தினாலே நீதிமான்' என்பதோடு அவர் சேர்த்துக் கட்டுவது அங்கேதான். விசுவாசத்துக்கு வேறெந்தப் பிடிமானமும் கூடாதாம். அப்புறம் நேரமிருந்தால் முதல் மூன்று.

புத்தகத்துக்கு நாலு நட்சத்திரம். விற்றவருக்கு ஒன்று, அதுவும் சீக்கிரம் அனுப்பியதற்காக.