முதலில் ரத்தம், அப்புறம் ஊசி: கோத்தகிரியில் மூன்று நாள்

நவம்பரில் கோத்தகிரி போயிருந்தேன். தங்கைக்கு ஏழாம் மாதம். அவளுக்கு ஏ நெகட்டிவ், வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ். போன வருடம் நான்காம் மாதத்தில் ஒரு கரு கலைந்தது. அப்போது பார்த்த இடத்தில் அந்த ஆன்டிபாடி உண்டாகாமல் தடுக்க நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசியே போடவில்லை என்று இப்போதுதான் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

வயிற்றுப் பிள்ளையின் பாசிட்டிவ் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால், அவள் உடம்பு அவற்றை எதிர்த்து ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கலாம். முதல் பிள்ளையை அது பெரும்பாலும் தொடாது. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால் அதன் சிவப்பணுக்களை உடைக்கலாம். ஆன்டிபாடி உண்டான பிறகு ஊசியால் பயனில்லை. அதனால்தான் கரு கலைந்தாலோ பிரசவம் ஆனாலோ 72 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறார்கள்.

நான் இருக்கும் இங்கிலாந்தில், கர்ப்பத்தைப் பதிவு செய்ததுமே குரூப்போடு ஆன்டிபாடியும் பார்ப்பார்கள். தங்கையின் ஃபைலில் குரூப் மட்டும்தான் இருந்தது. ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.டி. (இன்டைரக்ட் கூம்ஸ்) டெஸ்ட்டை நாங்களாகக் கேட்டோம்.

கேட்டதும் கிடைத்த கவனிப்பை மறக்க மாட்டேன். 28 வாரம் முடிந்திருந்ததால் டாக்டர் ஊசியும் எழுதியிருந்தார். லேபில் இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல ரத்தம் எடுத்துக்கலாங்க, அப்புறமா ஊசி" என்றார். ஊசியில் இருப்பதும் ஆன்டிபாடிதான். முதலில் அதைப் போட்டுவிட்டால் டெஸ்ட்டில் தெரிவது ஊசியுடையதா, உடம்பு உண்டாக்கியதா என்று குழம்பிவிடும். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை ஓ குரூப் சிவப்பணுக்களோடு 37 டிகிரியில் வைத்து, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் திரள வைக்கும் கூம்ஸ் சீரம் சேர்த்து, அணுக்கள் திரள்கின்றனவா என்று பார்ப்பார்களாம். 1945இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்த முறை, இன்றும் அதுதான்.

அந்த வசதி அங்கே இல்லை, எடுத்த ரத்தம் கோயம்புத்தூர் போக வேண்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டி ஒரு நாள் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிசல்ட் வந்தது: நெகட்டிவ், ஆன்டிபாடி இல்லை. தங்கை அழுதுவிட்டாள், நானும்தான்.

ஊசி மருந்து சரியான குளிரில் இருக்கிறதா என்று பார்க்க, மருந்துக் கடையில் ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் காட்டினார், 4 டிகிரி. 300 மைக்ரோகிராம் ஊசி அன்றே போட்டாயிற்று. பிரசவ நேரத்தில் பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்று, ஊசி போட்ட தேதியை அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதித் தந்தார் நர்ஸ்.