ஈரல் சத்திரசிகிச்சைக்கு முந்திய விளக்க அமர்வு: பேச்சுக்கு முழுப் புள்ளி, துண்டுப்பிரசுரத்துக்கு இல்லை

அண்ணனின் ஈரலில் இருந்த கட்டியை அகற்ற நாள் குறித்தபின், கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலை கட்டணம் பெற்று நடத்தும் முன்விளக்க அமர்வுக்கு அண்ணியும் நானும் அவருடன் சென்றிருந்தோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன். நாற்பது நிமிட அமர்வுக்காக ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தோம் என்பதோடு அந்தக் கதையை முடித்துக்கொள்கிறேன்; உள்ளே கேட்டவைதான் எழுதத் தக்கவை.

விளக்கமளித்தவர் தமிழில் சரளமாகப் பேசும் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணர். ஈரலை வெட்டும்போது இரத்தப்பெருக்கைக் குறைப்பதற்காக, அதற்குள் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் ஈரல் நாடியையும் வாயினாளத்தையும் சேர்த்துச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள் என்றும், கிளாஸ்கோவில் பணியாற்றிய பிரிங்கிள் என்பவர் 1908இல் எழுதிவைத்த முறை இது என்றும் அவர் தொடங்கினார். பதினைந்து நிமிடம் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டு, தேவையானால் மீண்டும் பிடிப்பது வழக்கமாம்.

"திரும்ப இரத்தம் ஓடத் தொடங்கினால் ஈரலுக்கு நல்லதுதானே, டொக்டர்?" என்று அண்ணி கேட்டார். நிபுணர் மேசையிலிருந்த சேலைன் குழாயொன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்திக் காட்டி, பின்னர் விரலை எடுத்துவிட்டு, "முதல் அடி அழுத்தும்போது விழுகிறது, இரண்டாவது அடி விடும்போது விழுகிறது. பல வேளைகளில் இரண்டாவதுதான் பெரிது" என்றார். எங்களுக்கு அது புதிய செய்தி.

அதன்பின் அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். இரத்தம் நின்றிருக்கும் நேரத்தில் கலங்களின் சக்திச் சேமிப்புத் தீர்ந்துபோகிறது. ஒட்சிசன் திடீரெனத் திரும்பும்போது கலங்களுக்குச் சக்தி ஆக்கித் தரும் நுண்ணுறுப்புகளான இழைமணிகள், அருகிலிருப்பவற்றைச் சேதப்படுத்தும் கட்டுக்கடங்காத ஒட்சிசன் மூலிகங்களைக் கக்குகின்றன. சேதமடைந்த ஈரற் கலங்கள், சாதாரணமாகக் கலத்தின் கருவுக்குள் அடங்கியிருக்கும் எச்எம்ஜிபி1 என்ற புரதத்தையும் இழைமணிகளின் டிஎன்ஏ துண்டுகளையும் வெளியே சிந்துகின்றன. குடலிலிருந்து வரும் இரத்தத்தில் கிருமி ஏதும் வந்தால் பிடிப்பதற்காக ஈரலிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கும் குப்பர் கலங்கள், டிஎல்ஆர்4, டிஎல்ஆர்9 போன்ற வாங்கிகளால் இந்தச் சிதறல்களை உணர்ந்து, கிருமி வந்தபோது எழுப்பும் அதே அபாய அறிவிப்பை எழுப்புகின்றன. டிஎன்எஃப், இன்டர்லியூகின்-1 ஆகிய அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன. இரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. அடுத்த சில மணித்தியாலங்களில் நியூத்திரபில் என்னும் வெண்குழியங்கள் திரண்டுவந்து, உயிரோடு இருக்கும் கலங்களையும் சேர்த்தே தாக்குகின்றன. இத்தனைக்கும் அங்கே ஒரு கிருமிகூட இல்லை. வீட்டுக்குள் பானை விழுந்த சத்தத்தைக் கள்ளன் என்று எண்ணி அயலவர் எல்லோரும் பொல்லோடு ஓடிவந்து, வீட்டையும் சேர்த்து அடித்து நொறுக்குவதைப் போன்றது என்று அவர் சொன்னபோது, அதுவரை வாய் திறக்காதிருந்த அண்ணன் சிரித்துவிட்டார்.

டிஎல்ஆர்4 இல்லாத எலிகளில் இந்தச் சேதம் குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருந்தாலும், மனிதருக்கு வழக்கமாகக் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இன்னும் கைக்கு வரவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. இருப்பதைப் பெரிதாக்கிச் சொல்லாத அந்த நேர்மையே எனக்கு மிகவும் பிடித்தது. ஈரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருந்த இன்னொரு குடும்பத்துக்காக, ஈரலைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பதற்குப் பதிலாக உடல் வெப்பநிலையில் இரத்தம் ஓடவிடும் இயந்திரத்தைப் பற்றியும் சிறிது பேசினார். 2018இல் வெளிவந்த, 220 மாற்று சிகிச்சைகளை உள்ளடக்கிய ஐரோப்பிய ஆய்வில், நொதியங்களின் கசிவைக் கொண்டு அளந்த சேதம் பாதியாகக் குறைந்திருந்ததாம்.

இனி குறை. வெளியேறும்போது தந்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் இந்த இரண்டாவது அடி "மறுஊடுருவல் காயம்" என்ற ஒரே சொற்றொடராகச் சுருங்கிக் கிடந்தது. அமர்வுக்குச் செல்லாதவருக்கு அதில் எதுவும் விளங்காது. அதைவிட மோசமானது, அதே பக்கத்தின் கீழே "சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் உணவுகளையும் மூலிகைகளையும் தாராளமாக உட்கொள்ளுங்கள்" என்றிருந்த வரி. தம்மைக் கேளாமல் எந்த மூலிகை மாத்திரையையும் தொட வேண்டாம் என்று நிபுணர் வாயால் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. காலி வீதி மருந்தகமொன்றில் அண்ணி அதற்கு முதல் வாரமே வாங்கி வைத்திருந்த போத்தல் ஒன்று வீட்டில் இருந்தது. அமர்வைக் கேட்டிருக்காவிட்டால் அந்த வரியை நம்பி அதைத் திறந்திருப்போம். வரவேற்பு மேசையில் இதைச் சுட்டிக்காட்டியபோது, "அச்சடித்தாயிற்று, ஐயா" என்று பதில் வந்தது.

சத்திரசிகிச்சைக்கு மறுநாள் ஈரற் கலங்கள் சேதமடையும்போது இரத்தத்தில் கசியும் நொதியமான எஸ்ஜிபிடியின் அளவு அண்ணனுக்குப் பல மடங்கு உயர்ந்திருந்தது. அது இப்படித்தான் ஏறி, சில நாட்களில் இறங்கும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், விடுதித் தாதியை இரவில் நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. மூன்றாம் நாள் இறங்கவும் தொடங்கியது. கொடுத்த கட்டணம் அந்த ஓர் இரவுக்கே தகும். செல்ல விரும்புவோர் முன்பதிவின்போதே தமிழில் அமர்வு வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் ஆங்கில அமர்வில்தான் இடம் தருகிறார்கள்.